வெள்ளைப் பணியாரமா, கந்தரப்பமா? இலையில் முதலில் எது?

கண்டனூர்க்காரன்:
போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். இடைப்பலகாரத்துக்கு நம் செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம், வெல்லம் போட்ட கந்தரப்பம் இரண்டும் சுட்டோம். எதை முதலில் வைப்பது என்று அடுப்படியிலேயே வாக்குவாதம் வந்துவிட்டது. "நல்ல காரியம் பேச வந்திருக்கிறார்கள், இனிப்பை முதலில் வை" என்றார் அப்பத்தா. "பணியாரம் ஆறினால் போச்சு, அதை முதலில் வைக்கிறேன்" என்றாள் என் மனைவி. நான் மனைவி கட்சி. வெல்லமும் ஏலக்காயும் போட்டால் எதுவும் ருசியாகத்தான் இருக்கும். வெறும் அரிசி, உளுந்து, உப்பு, ஒரு சிட்டிகை சீனி, இவ்வளவை வைத்துக்கொண்டு ஒருத்தர் என்ன செய்கிறார் என்பதில்தான் கைப்பக்குவம் தெரியும். மறுப்பவர்கள் வரலாம்.

பள்ளத்தூர் பேரன்:
முதல் ஆளாக நான் வந்துவிட்டேன் அண்ணே. வெள்ளைப் பணியாரத்துக்குத் தனியாக ஒரு ருசி இருந்தால், பக்கத்தில் வரமிளகாய்ச் சட்னி எதற்கு? சட்னியை எடுத்துவிட்டு நாலு பணியாரம் சாப்பிட்டுக் காட்டுங்கள், பார்க்கலாம். கந்தரப்பத்துக்குத் துணையே வேண்டாம். கடித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம், பல்லில் தேங்காய், கடைசியில் மெல்ல ஒரு வெந்தய வாசம். தனியாக நிற்கிற பலகாரம் அது.

கண்டனூர்க்காரன்:
தம்பி, இட்லிக்கும் சட்னி உண்டு. அதனால் இட்லிக்கு ருசி இல்லை என்று சொல்லிவிடுவாயா?

மதுரை மல்லி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பணியாரம் என்றால் குழிக்கல்லில் ஊற்றி, கம்பியால் திருப்பிப் போடுவதுதானே? எங்கள் ஊரில் தெருமுனையிலேயே கிடைக்குமே?

பள்ளத்தூர் பேரன்:
வந்தாரய்யா மதுரை. அது குழிப்பணியாரம். அதுவும் எங்களுக்கு உண்டு. இங்கே பேசுவது எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுப்பது. ஆச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள், மதுரைக்குப் பாடம் எடுக்க வேண்டும்.

தேவகோட்டை ஆச்சி:
வந்துட்டேன்ப்பா. மல்லி, நீ கேட்டது நல்ல கேள்விதான்மா. இவன் சொல்வதை எடுத்துக்கொள்ளாதே.

வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை உழக்கு என்கிற அளவுப் பாத்திரத்தில் தலைதட்டி அளக்க வேண்டும். அந்த அரிசி மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ, அவ்வளவுதான் உளுந்து. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, காலத்திலிருந்து இதுதான் கணக்கு. இரண்டையும் சேர்த்து ஒரு இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெய் மாதிரி நைஸாக அரைத்து, உப்பும் சீனியும் போட்டு, கொஞ்சம் பால் விட்டுக் கரைக்க வேண்டும். தோசை மாவை விட ஒரு சுற்று இளக்கமாக இருக்கட்டும். புளிக்க விடக் கூடாது, அரைத்ததும் சுட வேண்டும்.

இருப்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் நடுவில் ஒரே ஒரு கரண்டி மாவு. ஊற்றின கை நடுங்கக் கூடாது. அடியில் போனது தானே மேலே எழும்பி வரும். வந்ததும் காய்ந்த எண்ணெயைக் கரண்டியால் அள்ளி அதன் தலையில் விட்டால் ஓரம் பூப்போல விரியும். ஒரு திருப்பு திருப்பி, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் அதற்கு வெள்ளைப் பணியாரம் என்று பெயர் எதற்கு?

பத்துப் பேர் வந்தால் நாற்பது பணியாரம். நாற்பதையும் ஒவ்வொன்றாக நின்று ஊற்ற வேண்டும். விருந்தாளியை வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்துப் பக்கம், உட்கார வைத்துவிட்டு, அவர் சாப்பிடச் சாப்பிட உள்ளேயிருந்து சூடாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் இது மரியாதைப் பலகாரம். வருகிறவருக்காக ஒருத்தர் அடுப்பு முன்னால் நிற்கிறார் என்று அர்த்தம்.

மதுரை மல்லி:
நாற்பதையும் ஒவ்வொன்றாகவா! சரி ஆச்சி, இனிமேல் குழிக்கல் பேச்சை எடுக்க மாட்டேன்.

பள்ளத்தூர் பேரன்:
ஆச்சி, நீங்கள் சொன்னதிலேயே என் கட்சிக்கு ஆதாரம் இருக்கிறது. வெள்ளைப் பணியாரம் பத்து நிமிடத்துப் பலகாரம். அதற்கு மேல் வைத்தால் தொய்ந்துபோகிறது. விடிகாலையில் பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னை போகிறவனுக்கு அதைக் கட்டிக் கொடுக்க முடியுமா? நான் கல்லூரிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் ஆயா ஒரு தூக்குச்சட்டியில் வாழையிலையைப் போட்டுக் கந்தரப்பம் அடுக்கித் தருவார். செங்கல்பட்டு தாண்டும்போது திறந்தால் இலை வாசமும் ஏலக்காய் வாசமும் சேர்ந்து வரும். எதிர் சீட்டுக்காரர் கேட்காமல் இருந்ததே இல்லை. நம் ஆட்கள் வெளியே போய்ப் பிழைத்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார்கள், பர்மாவுக்குப் போனார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு வழியில் கூட வருகிற பலகாரம்தானே முதலில் நிற்க வேண்டும்?

கண்டனூர்க்காரன்:
ரயில் கதை நல்ல கதை, ஒப்புக்கொள்கிறேன். கப்பலில் மட்டும் கந்தரப்பத்தை ஏற்றாதே. அதில் தேங்காய் இருக்கிறது. இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் நூல் விடும். கப்பலேறினவர்களுக்குக் கட்டிக் கொடுக்கிற பண்டம் என்றால் சீப்புச்சீடை, மனகோலம், அதிரசம், இதெல்லாம்தான். டின்னில் போட்டு மூடினால் வாரக்கணக்கில் இருக்கும். வரலாறு பேசினால் பண்டத்தையும் பார்த்துப் பேச வேண்டும் தம்பி.

பள்ளத்தூர் பேரன்:
சரி, கப்பலை விட்டுவிடுகிறேன். ரயிலை விட மாட்டேன்.

கானாடுகாத்தான் மருமகள்:
நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்தவள், பதினோரு வருடம் ஆகிறது. இரண்டையும் என் மாமியார், அயித்தையிடம்தான் கற்றுக்கொண்டேன். இரண்டில் கந்தரப்பம்தான் கடினம் என்பேன். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் மட்டும். கந்தரப்பத்துக்குப் பச்சரிசி, கொஞ்சம் புழுங்கலரிசி, உளுந்து, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, வெந்தயம் என்று இத்தனையும் ஊறி, ஒன்றாய் அரைபட்டு, அப்புறம் வெல்லமும் தேங்காயும் சேர வேண்டும். வெல்லம் சேர்ந்ததும் மாவு நீர்த்துவிடும். அதை நினைத்துக்கொண்டு முதலிலேயே கெட்டியாக அரைக்கத் தெரிய வேண்டும். நெருப்பு ஒரு மடங்கு கூடினால் வெளியே கறுத்து உள்ளே பச்சை மாவாக நிற்கும். அயித்தை எனக்கு முதல் இரண்டு வருடம் வெள்ளைப் பணியாரம் மட்டும்தான் ஊற்றத் தந்தார். கந்தரப்பத்துக்கு மூன்றாம் வருடம்தான் கரண்டி என் கைக்கு வந்தது.

தேவகோட்டை ஆச்சி:
துவரம்பருப்பா? எங்கள் வீட்டில் கடலைப்பருப்பு.

கானாடுகாத்தான் மருமகள்:
இதற்கு இன்னொரு சண்டை வேண்டாம் ஆச்சி!

சிங்கப்பூர் மகள்:
நான் வெள்ளைப் பணியாரக் கட்சி. ஆனால் எனக்கு அது வரவே மாட்டேன் என்கிறது. அம்மா சொன்ன அதே கோபுரக் கணக்கு, அதே இரண்டு மணி நேரம். மிக்ஸியில் அரைப்பதால் சூடாகக் கூடாதென்று ஐஸ் தண்ணீர்கூட விடுகிறேன். இருந்தும் ஒவ்வொரு பணியாரமும் எண்ணெயை ஸ்பஞ்ச் மாதிரி குடிக்கிறது. தட்டில் வைத்த தாள் முழுக்க நனைந்துவிடுகிறது. ஊரில் அம்மா சுட்டால் விரலில் எண்ணெய் ஒட்டாது. இங்கே கிடைக்கிற அரிசிதான் காரணமா?

தேவகோட்டை ஆச்சி:
எண்ணெய் குடித்தால் உளுந்து கூடிவிட்டது என்று அர்த்தம். எதில் அளக்கிறாய்மா?

சிங்கப்பூர் மகள்:
காப்பி குடிக்கிற கோப்பையில். குட்டையாக, வாய் நல்ல அகலமாக இருக்கும்.

தேவகோட்டை ஆச்சி:
அதுதான். அரிசி மேல் தப்பே இல்லை. வாய் அகலமான பாத்திரத்தில் கோபுரமும் பெரிதாக நிற்கும் அல்லவா? உள்ளே அரிசி கொஞ்சமாகவும் மேலே உளுந்து நிறையவும் போயிருக்கும். உழக்கு என்றால் வாய் குறுகல், உயரம் கூடுதல், அதற்குத் தக்கபடிதான் அந்தக் கணக்கு. உன்னிடம் எவர்சில்வர் டம்ளர் இருக்கும், ஒடுக்கமாக, உயரமாக ஒன்றை எடு. அதில் அளந்துவிட்டு வந்து சொல்.

கண்டனூர்க்காரன்:
இத்தனை வருடம் சாப்பிடுகிறேன், இந்தக் கோபுரத்துக்குள் இவ்வளவு விஷயம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. பள்ளத்தூரே, இதற்குப் பிறகும் கந்தரப்பமா?

பள்ளத்தூர் பேரன்:
கந்தரப்பம்தான். ஆனால் ஆச்சி சொன்னபடி ஒரு தடவை அளந்து பார்க்காமல் பேசுவது நியாயமில்லை. வீட்டில் உழக்கு இருக்கிறது. சாயங்காலம் வருகிறேன்.

மதுரை மல்லி:
வரமிளகாய்ச் சட்னிக்கு என்ன போட வேண்டும்? நானும் இன்றைக்குச் சுடப் போகிறேன்.

கானாடுகாத்தான் மருமகள்:
வரமிளகாயை ஊறவைத்துக்கொள். சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு. எல்லாவற்றையும் பச்சையாக அரைத்து, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து அதிலேயே ஊற்றிச் சுருள வதக்கு. எண்ணெய் பிரிந்து மேலே வர வேண்டும்.

சிங்கப்பூர் மகள்:
டம்ளர்தான் ஆச்சி! தாள் நனையவில்லை. பையன் ஏழு சாப்பிட்டான். அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன், "ஓரம் நல்லா விரிஞ்சிருக்கே" என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளத்தூர் பேரன்:
நானும் வந்துவிட்டேன். முதலாவது பந்து மாதிரி உருண்டுகொண்டு வந்தது, மாவு கெட்டி. இரண்டு கரண்டி பால் விட்டேன். மூன்றாவதில் ஓரம் விரிந்தது ஆச்சி, என் கையில் விரிந்தது. சட்னி அரைப்பதற்குள் நின்றபடியே ஐந்து தீர்ந்துவிட்டது. ஆமாம் அண்ணே, சட்னி இல்லாமல்தான். முதலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வருகிறவருக்கு முதலில் இதையே வையுங்கள். ஆனால் கிளம்புகிறவர் கையில் கந்தரப்பத் தூக்கு இல்லாமல் அனுப்பினால் நான் மறுபடியும் சண்டைக்கு வருவேன்.

கண்டனூர்க்காரன்:
கிளம்பும்போது கந்தரப்பம். சரி, கை கொடு. அப்பத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

பள்ளத்தூர் பேரன்:
ஆச்சி, அரைச் சட்டி மாவு மீதி இருக்கிறது. நாளைக்கு வைத்தால் புளிக்கும் என்றீர்களே, என்ன செய்ய?

தேவகோட்டை ஆச்சி:
நாளைக்கு எதற்கு? சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய் எல்லாம் பொடியாக நறுக்கு. கடுகு, உளுந்து தாளித்து வதக்கி மாவில் கொட்டு. அதே சட்டியில் சின்னச் சின்னதாக ஊற்றிச் சிவக்க எடு. மசாலாப் பணியாரம் ஆச்சு. எண்ணெய் ஆறுவதற்குள் போ.