டெவில்ஸ் லேக்கில் டென்ட் போட்ட ராத்திரி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாராபூ ஊரை ஒட்டி இருக்கிற டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க் போய் வந்த எல்லாரும் மலையைப் பற்றித்தான் சொல்வார்கள், நான் முதலில் ரக்கூனைச் சொல்லிவிடுகிறேன், ராத்திரியில் சாப்பாடு தேடி வருகிற ஒரு காட்டு விலங்கு. பக்கத்து இடத்தில் கல்லூரிப் பையன்கள், கூலர் பெட்டியை மேசைக்கு அடியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். நடுராத்திரி டமால் என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் தாயும் குட்டிகளுமாக உட்கார்ந்து பன் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன, மூடியைக் கையாலேயே திறந்திருக்கின்றன! வெளிச்சம் பட்டும் ஓடவில்லை, பெரியது மட்டும் 'உனக்கென்ன இங்கே வேலை' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தது. பையன்கள் எழுந்து வருவதற்குள் சீஸ் காலி. பற்பசை உட்பட வாசனை வருகிற எதுவாக இருந்தாலும் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் ரயில். ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே சரக்கு ரயில் பாதை போகிறது, காட்டுக்குள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

சரி, மலை. தெற்குக் கரையிலிருந்து பேலன்ஸ்டு ராக் பாதையில் ஏறினோம், செங்குத்தான கல்படிகள், சுமார் 500 அடி உயரம், மழை பெய்திருந்தால் அந்தக் குவார்ட்சைட் கல் வழுக்கும், நல்ல ஷூ இல்லாமல் ஏற வேண்டாம். கல்லுக்கு வயது சுமார் 160 கோடி ஆண்டு. மேலே நின்று பார்த்தால்தான் ஏரி உருவான விதமே புரிகிறது, பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்த மண்ணும் கல்லும் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட, நடுவில் தண்ணீர் தங்கிவிட்டது.

கோடை சனி, ஞாயிறில் பார்க்கிங் கிடைப்பதே பெரும்பாடு, முடிந்தால் வார நாளில் போங்கள். கேம்ப் இடத்தை 11 மாதம் முன்னாலேயே பதிவு செய்யலாம், நல்ல இடங்கள் சீக்கிரம் போய்விடும். விறகு வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம், மரத்தை அரிக்கும் பூச்சி பரவும் என்பதால் பார்க்கிலிருந்து 10 மைலுக்குள் வாங்கியதோ சான்று பெற்றதோதான் அனுமதி.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: நீச்சல் பகுதியில் லைஃப் கார்டு கிடையாது. தண்ணீரில் இருக்கிற ஒரு ஒட்டுண்ணியால் சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு வரும், நத்தையிலிருந்து வருவது, ஆபத்தில்லை, ஆனால் எரிச்சல். கரையேறியதும் ஈரம் காயவிடாமல் துண்டால் அழுத்தித் துடைத்துவிடுங்கள்.