மாசியிலேயே சித்திரை வெயில்: ஆப் சொல்ற மழையை நம்பி தென்னைக்குச் சொட்டுநீரை நிறுத்தலாமா?

தோப்பு140:
பொள்ளாச்சிக்குக் கிழக்கே 2 ஏக்கர், காய்க்கிற மரம் 140. மாசி முடியலை, அதுக்குள்ள 38 டிகிரி. கிணத்துல நாளைக்கு 6,500 லிட்டர்தான் ஊறுது. மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் சொட்டுற டிரிப்பர் நாலு. வியாழக்கிழமை 60% மழைன்னு ஒரு ஆப் காட்டுது, இன்னொண்ணு 20%ங்குது. வானிலை மையம் ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ங்குது. மூணு நாள் தண்ணியை நிறுத்திக் கிணத்தை ஊற விடலாமா?

மேகக்கணக்கு:
மூணுமே ஒரே நேரத்துல சரியா இருக்கலாங்க. ‘ஓரிரு இடங்களில்’னா அந்தப் பகுதி நிலையங்கள்ல நாலில் ஒரு பங்கு வரைக்கும்தான். மீதி எல்லாம் காய்ஞ்சு கிடந்தாலும் அறிக்கை தப்பில்லை. ஆப்போட சதவீதம் மழை விழுமாங்கிற வாய்ப்பை மட்டும் சொல்லுது, எவ்வளவு விழும்னு அதுல இல்லை. மண்ணு நனையாத தூறலும் அந்த 60%க்குள்ள அடக்கம்.

வானிலையைக் கணிக்கிற கணினி மாடல் பூமியைக் கட்டம் கட்டமா பிரிச்சுக் கணக்குப் போடுது. ஐரோப்பிய மாடலோட கட்டம் 9 கி.மீ., அமெரிக்க மாடல் ஜிஎஃப்எஸ்ஸோடது 13 கி.மீ. கோடை இடிமேகம் பல நேரம் அதைவிடச் சின்னது. அதனால மேகத்தை மாடல் நேரடியா பார்க்கிறதில்லை, தோராயமா ஊகிக்குது. கிழக்குக் காத்தும் மேற்குக் காத்தும் முட்டுற கோடு கொஞ்சம் நகர்ந்தா மழை அடுத்த தாலுகாவுக்குப் போயிடும். இந்த மழைக்கு மூணு நாள் முன்னாடி ஊரளவுல யாராலும் உறுதி சொல்ல முடியாது. அன்னைக்கு மதியம் 2 மணிக்கு மேல ரேடார் படமும் நவ்காஸ்டும் (அடுத்த மூணு மணி நேரத்துக்கான கணிப்பு) பாருங்க, அதுக்கு மதிப்பு அதிகம்.

வட்டப்பாத்தி:
நிறுத்தாதீங்க. கணக்குப் போட்டா ஏன்னு தெரியும். மரத்தைச் சுத்தி 1.8 மீட்டர் ஆரப் பாத்தின்னா பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைன்னா பாத்திக்கு 10 லிட்டர். மேற்கு மாவட்டங்கள்ல பிப்ரவரி–மே மாசத்துக்கு மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் விடணும், தட்டுப்பாட்டுல 45, ரொம்பக் கடுமைன்னா 22. அப்போ 5 மி.மீ. பெய்ஞ்சாலும் அது ஒரு நாள் தண்ணிதான். ஓலை பிடிச்சுக்கிறதும் மூடாக்கு (ஈரம் காயாம பாத்தி மேல பரப்புறது) குடிச்சுக்கிறதும் போக அதுவும் குறையும்.

உங்க ஊத்துக்கு 45 லிட்டர் தாங்கும்: 140 மரத்துக்கு 6,300. நாலு டிரிப்பர் மணிக்கு 32 லிட்டர், அதனால 1 மணி 25 நிமிஷம், விடியக்காலையில. பாத்தியில மூடாக்கா 100 தேங்காய் உரிமட்டையைக் குவிஞ்ச பக்கம் மேல பார்க்க அடுக்குங்க, இல்லேன்னா 10 செ.மீ. தென்னை நார்க்கழிவு. டிரிப்பர் மூடாக்குக்கு அடியில இருக்கணும். மேல வெச்சா நார்க்கழிவுதான் நனையும்.

நேரான சுவர் உள்ள டப்பா ஒண்ணை மரத்துக்கு வெளியே திறந்த இடத்துல வெச்சு தினமும் காலை 8.30க்கு அளங்க. 10 மி.மீ.க்கு மேல விழுந்திருந்தா மட்டும் அடுத்த ரெண்டு நாளைக்கு நிறுத்துங்க. இப்ப குறைச்சா குரும்பை கொட்டும். பாளை வெடிச்சு காய் முத்த 12 மாசம், அதனால நஷ்டம் அடுத்த வருஷ வெட்டுலதான் தெரியும்.

தோப்பு140:
சரிங்க, மூடாக்கு இல்லாமத்தான் இருக்கு, போட்டுடறேன். ஏப்ரல்ல வர்ற பருவமழை முன்னறிவிப்பை வெச்சு இந்த வருஷம் ஊடுபயிர் போடறதை முடிவு பண்ணலாமா? எல் நினோன்னு வேற பேசறாங்க.

மேகக்கணக்கு:
ஏப்ரல் நடுவுல வர்றது நாடு முழுசுக்குமான ஜூன்–செப்டம்பர் மழை, அதுலயே ±5% பிழை. மே கடைசியில புதுப்பிப்பாங்க, அப்பவும் ±4%. உங்க தாலுகாவுக்கு அதுல சேதி இல்லை. எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிறது, அதோட கணிப்புக்கு மார்ச்–மே மாசந்தான் மோசமான நேரம். பசிபிக் அந்தப் பருவத்துல ஒரு நிலையில நிக்காது. 2014 வசந்தத்துல பெரிய எல் நினோன்னு பேசினாங்க, பிசுபிசுத்துப் போச்சு, அடுத்த வருஷம்தான் பலமா வந்துச்சு. தென்மேற்கு குறையற எல் நினோ வருஷத்துல நமக்கு வடகிழக்கு பல தடவை கூடுதலாவும் பெய்யும். ஊடுபயிர் முடிவை ஜூன் வரைக்கும் தள்ளி வைங்க.

வட்டப்பாத்தி:
ஒண்ணு விட்டுப்போச்சு. கிணத்துத் தண்ணி இறங்க இறங்க மணலும் உப்பும் கூடும், டிரிப்பர் அடைக்கும். 8 லிட்டர் டிரிப்பர் ஒரு லிட்டர் குவளையை ஏழரை நிமிஷத்துல நிரப்பணும். லைன் கடைசி மரத்துல வெச்சுப் பாருங்க. 10 நிமிஷம் ஆச்சுன்னா முதல்ல ஃபில்டரைக் கழுவுங்க, அப்புறம் லேட்டரல் (டிரிப்பர் மாட்டியிருக்கிற சின்னக் குழாய்) நுனி மூடியைத் திறந்து கலங்கல் போகிற வரைக்கும் தண்ணியை ஓட விடுங்க.