பழைய பிளேட் அடுப்பு போகிறது: கேஸா, இண்டக்‌ஷனா?

அரீனாபார்க்_மருமகள்:
தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். பழைய கவுன்சில் வீடு, மாமனார் காலத்தில் பின்பக்கம் நீட்டிக் கட்டியது. நான்கு இரும்பு பிளேட் உள்ள மின்சார அடுப்பில் இரண்டு செத்துவிட்டன. கிச்சனையே மாற்றப் போகிறோம் என்பதால் மேடைக்குள் பதிக்கிற அடுப்பாக வாங்க யோசனை. கடைக்காரர் கண்ணாடி செராமிக் என்கிறார், வீட்டுக்காரர் இண்டக்‌ஷன் என்கிறார், மாமியார் "தீ தெரியாத அடுப்பில் ரொட்டி எப்படி உப்பும்?" என்கிறார். ஆறு பேர் சாப்பிடும் வீடு. தினமும் சோறு, பருப்பு, ஒரு கறி. ஞாயிறு மட்டன். புரட்டாசி மாதம் தனிப் பாத்திரம். எது நல்லது?

ஃபீனிக்ஸ்_நீலத்தீ:
கேஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? 2023இல் லோட் ஷெட்டிங் ஸ்டேஜ் 6 என்று முறை வைத்துக் கரண்டை நிறுத்திய காலத்தை மறந்துவிட்டோமா? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. கேஸ் இருந்த வீடுகளில்தான் பால் காய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமியார் சொல்வதைக் கேளுங்கள், அவ்வளவுதான்.

காந்தவாதி:
அண்ணே, லோட் ஷெட்டிங் 2024 மார்ச் கடைசியில் நின்றது. 2025 தொடக்கத்தில் சில தடவை எட்டிப் பார்த்தது, உண்மை. அதற்காகப் பத்து வருடம் ஓட வேண்டிய அடுப்பை இருட்டை நினைத்தே வாங்குவதா?

செலவைப் பார்ப்போம். ஒரு கிலோ கேஸில் சுமார் 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. கேஸ் அடுப்பில் அதில் 40 சதவீதம் போல்தான் பாத்திரத்துக்குள் போகும், மீதி கிச்சனைச் சூடாக்கும். அதாவது 5 யூனிட் சொச்சம். கிலோ 36 ரேண்ட் என்று வைத்தால், சட்டிக்குள் போகிற ஒரு யூனிட் வெப்பத்துக்கு 7 ரேண்ட். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போகிறது. கரண்ட் யூனிட் 3 ரேண்ட் என்றால் மூன்றரை ரேண்ட். பாதி! உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது. "கேஸ் மலிவு" என்று நம் ஆட்கள் சொல்வது பெரும்பாலும் கணக்குப் போடாமல் சொல்வது.

ஃபீனிக்ஸ்_நீலத்தீ:
தம்பி கால்குலேட்டரோடு வந்துவிட்டார். சரி, நானும் கேட்கிறேன். அந்த 40 சதவீதம், சின்னச் சட்டியைப் பெரிய பர்னரில் வைத்துத் தீ பக்கவாட்டில் ஏறினால் வருவது. அகலமான பாத்திரத்தை வைத்து அளவாகத் தீ வைத்தால் அதற்கு மேலேயே வரும்.

அப்புறம் கரண்ட் விலை. அரசு மின் நிறுவனம் எஸ்காம் 2023இல் 18.65 சதவீதம் ஏற்றியது. அடுத்த வருடம் 12.74. ஒவ்வொரு ஜூலையிலும் முனிசிபாலிட்டி தன் பங்கை ஏற்றுகிறது. இன்று 3 ரேண்ட் என்று கணக்குப் போட்டு வாங்குவீர்கள், அடுப்பு கிழடாகும்போது யூனிட் என்ன விலை இருக்கும்?

காந்தவாதி:
55 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. 36ஐ 7ஆல் வகுத்தால் 5 ரேண்டுக்கு மேல். அப்போதும் இண்டக்‌ஷன் கீழேதான். கேஸ் விலையும் சும்மா நிற்பதில்லை, மாதத்தின் முதல் புதன்கிழமை அரசாங்கம் புது உச்சவிலை சொல்கிறது. டர்பனின் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் நின்றுவிட்டன: ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பின், இன்னொன்று 2022இல். நாம் எரிக்கிற கேஸில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. டாலர் ஏறினால் உங்கள் ரசமும் ஏறும்.

இன்னொன்று. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டபோது உங்கள் ஃபீனிக்ஸில் சிலிண்டர் எங்கே மாற்றினீர்கள்? கரண்ட் அப்போது இருந்தது.

ஃபீனிக்ஸ்_நீலத்தீ:
அந்த வாரத்தில் சிலிண்டரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை தம்பி. ராத்திரி முழுக்கத் தெருமுனையில் காவல் நின்றோம். அதை இதற்குள் இழுக்க வேண்டாம்.

காந்தவாதி:
சரி அண்ணே. விட்டுவிட்டேன்.

லெனேசியா_தாத்தா:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நான் இரும்பு பிளேட் கட்சி. சூடாக நேரம் எடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணைத்த பிறகும் சூடு நிற்கும், அதிலேயே சோறு தம் ஆகிவிடும். கீழே போட்டாலும் உடையாது. கெட்டுப்போனால் ஒரு பிளேட்டை மட்டும் மாற்றலாம், கண்ணாடி விரிசல் விட்டால் என்ன செய்வீர்கள்? இங்கே ஜோஹன்னஸ்பர்க் பக்கம் 1,600 மீட்டர் உயரத்துக்கு மேல், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எந்த அடுப்பானாலும் பருப்பு வேகப் பிரஷர் குக்கர்தான் கதி. அந்தக் குக்கருக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் கொட்டி அடுப்பு?

எனக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வேறு. இண்டக்‌ஷன் பக்கம் போகக் கூடாது என்கிறார்களே?

காந்தவாதி:
முழுத் தடை இல்லை தாத்தா. சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்வது வழக்கம். சட்டி வட்டத்தின் நடுவில் சரியாக உட்கார்ந்தால் காந்தப்புலம் வெளியே கசிவது குறையும். ஆனாலும் உங்கள் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க வேண்டாம்.

மியர்பேங்க்_அம்மா:
பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் இருக்கிற இடம் தெரியும்தானே, ஆலைப் புகையிலேயே வளர்ந்த ஊர். இங்கே பள்ளிக் குழந்தைகளின் ஆஸ்துமாவைப் பற்றி ஆய்வே நடந்திருக்கிறது. என் சின்னவனுக்கும் பம்ப் உண்டு. கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த கட்டுரை, கேஸில் சமைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா வாய்ப்பு சுமார் 42 சதவீதம் கூடுதல் என்றது. உலக சுகாதார நிறுவனமும் 2021இல் அந்த வாயுவுக்கான ஆண்டு சராசரி வரம்பை ஒரு கன மீட்டர் காற்றில் 40இலிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைத்துவிட்டது. வெளியே உள்ள காற்றை என்னால் மாற்ற முடியாது. கிச்சனுக்குள் இருப்பதை மாற்றலாம். மாற்றினேன்.

ஃபீனிக்ஸ்_நீலத்தீ:
அக்கா, உங்கள் பையன் விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் மிளகாயும் கடுகும் தாளிக்கும்போது வருகிற புகை எந்த அடுப்பிலும் வரும். ஜன்னலைத் திறந்து, மேலே ஒரு உறிஞ்சும் ஃபேன் போட்டால் இரண்டும் போகும்.

மியர்பேங்க்_அம்மா:
ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள் தம்பி. இங்கே பல வீடுகளில் இரண்டாவது வகைதான்.

வயர்மேன்_வெருலம்:
அக்கா தங்கச்சிமார்களே, தொழில்காரன் சொல்கிறேன். யாருமே சுவரைத் திறந்து பார்க்காமல் பேசுகிறீர்கள்.

முதலில் இண்டக்‌ஷன். நான்கு வட்டம் உள்ளது 7.2 கிலோவாட் போல இழுக்கும். 230 வோல்ட்டில் அது 31 ஆம்பியர். பழைய அடுப்புக்குப் போன வயர் 6 சதுர மில்லிமீட்டர், பிரேக்கர் 40 ஆம்பியர் என்றால் மேடை அடுப்பு மட்டும் அதில் ஓடும். ஆனால் கேக் சுடுகிற ஓவனும் அதே வயரில்தான் இருக்கிறதா? அது இன்னும் 3 கிலோவாட் இழுத்தால் 44 ஆம்பியர் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டனும் கேக்கும் ஒன்றாக ஏறும்போது பிரேக்கர் டப்பென்று இறங்கும். தனி லைன் இழுக்க வேண்டும், மின் சான்றிதழும் புதிதாக எடுக்க வேண்டும்.

கேஸ் என்றால் பதிவு பெற்ற ஆள்தான் பொருத்த வேண்டும், அவர் தருகிற சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். வீடு விற்கும்போது கேட்பார்கள், தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரனும் கேட்பான். 48 கிலோ சிலிண்டர் வீட்டுக்குள் கூடவே கூடாது. வெளியே வைத்தாலும் கதவு ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர், சாக்கடை மூடியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் சாக்கடையைப் பற்றி இவ்வளவு கறார்.

செராமிக்? பார்க்க இண்டக்‌ஷன் மாதிரி இருக்கும், உள்ளே சிவக்கிற கம்பிதான். எந்தப் பாத்திரமும் போகும், அது ஒன்றே லாபம். பாயசமோ வெல்லப் பாகோ சூட்டில் வழிந்தால் உடனே சுரண்ட வேண்டும். ஆற விட்டால் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு வரும். பொங்கல் அன்று பால் பொங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற வீட்டில் நான் அதைப் போட மாட்டேன்.

அரீனாபார்க்_மருமகள்:
அண்ணா, நன்றி. ஓவன் அதே வயரில்தான் இருக்கிறது. இன்னொரு சிக்கல்: எங்கள் சட்டிகளில் பெரும்பாலானவை ஹார்ட் பிராண்ட் அலுமினியம், கல்யாணத்துக்கு வந்தவை. புரட்டாசிப் பாத்திரம் பித்தளை, மாமியாரின் அம்மா வைத்திருந்தது. காந்தம் ஒட்டாத சட்டி இண்டக்‌ஷனில் சூடாகாதாமே, இவை எதிலும் ஒட்டவில்லை. தோசைக்கல்லில் மட்டும் ஒட்டியது.

ஃபீனிக்ஸ்_நீலத்தீ:
இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்! தம்பி, உங்கள் மூன்றரை ரேண்டில் சட்டி விலையைச் சேர்த்தீர்களா? அதுவும் இரண்டு செட், ஒன்று மாமிசத்துக்கு, ஒன்று விரதத்துக்கு.

காந்தவாதி:
சேர்க்கவில்லை. தினசரிக்கு மூன்று சட்டி போதும் அண்ணே, ஒரேயடியாக எல்லாம் வாங்க வேண்டியதில்லை. அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் இப்போது சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. பித்தளைக்கு வழி இல்லை, அது உண்மை. நடுவில் வைக்கிற இரும்புத் தட்டு ஒன்று விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். தட்டு சூடாகி, அது சட்டியைச் சூடாக்கி, மிச்சப்படுத்துவது முழுக்க அதிலேயே போய்விடும். பழைய பிளேட் அடுப்புக்கே திரும்பின மாதிரி.

லெனேசியா_தாத்தா:
நான் என்ன சொன்னேன்?

காந்தவாதி:
தாத்தா, சும்மா இருங்கள்.

அக்கா, ஒரு யோசனை. மேடையை வெட்டுவதற்கு முன்னால் சாதா சாக்கெட்டில் சொருகுகிற ஒற்றை இண்டக்‌ஷன் ஒன்று வாங்குங்கள், 2 கிலோவாட். வயர் மாற்ற வேண்டாம். ஒரு மாதம் மாமியாரிடமே கொடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மலிவான மாடலில் சூட்டைக் குறைத்தால் அது விட்டு விட்டுத்தான் எரியும், அடி கனமில்லாத சட்டியில் பால் பிடிக்கும். ரொட்டி இரும்புக்கல்லில் நன்றாகவே வரும், கடைசியில் துணியால் அழுத்தினால் உப்பும். கத்தரிக்காய் சுட மட்டும் முடியாது.

ஃபீனிக்ஸ்_நீலத்தீ:
கத்தரிக்காய் சுட முடியாத அடுப்பை அடுப்பு என்று எப்படிச் சொல்வது? வீட்டு விசேஷத்துக்குப் பிரியாணி எதில் போடுவீர்கள்? அந்தத் தவலையைக் கண்ணாடி மேல் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

மியர்பேங்க்_அம்மா:
விசேஷத்துக்குப் பிரியாணி எங்கே தம்பி கிச்சனில் போடுகிறோம்? கொல்லையில் கேஸ் வளையம் வைத்து மாமாக்கள்தானே கிண்டுகிறார்கள். வருடத்துக்கு எத்தனை விசேஷம்? அதற்காகத் தினமும் உள்ளே எரிக்க வேண்டுமா?

ஃபீனிக்ஸ்_நீலத்தீ:
அக்கா சொல்வதில் ஞாயம் இருக்கிறது, ஆனால் என் ஓட்டு மாறாது.

அரீனாபார்க்_மருமகள்:
இன்று மாலை வீட்டில் பேசினோம். மேடையில் இண்டக்‌ஷன், தனி லைன் இழுத்து. பின் வராந்தாவில் 9 கிலோ சிலிண்டரும் இரண்டு பர்னர் கேஸும்: புரட்டாசிப் பித்தளைக்கு, கத்தரிக்காய்க்கு, கரண்ட் போகும் நாளுக்கு. மாமியார் பாதி சம்மதம். ரொட்டியை முதலில் கண்ணால் பார்க்க வேண்டுமாம், அதனால் ஒற்றை இண்டக்‌ஷனை வெள்ளிக்கிழமை வாங்குகிறோம். வயர்மேன் அண்ணா, சிலிண்டர் வைக்க நினைத்த மூலையிலிருந்து சாக்கடை மூடி ஒன்றரை மீட்டர்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

வயர்மேன்_வெருலம்:
கூடாது. இரண்டு என்றால் இரண்டு. மறுபக்க மூலைக்கு நகர்த்துங்கள்.

அரீனாபார்க்_மருமகள்:
அங்கே மாமியாரின் கறிவேப்பிலை மரம் இருக்கிறது அண்ணா. இதை யார் அவரிடம் சொல்வது?

வயர்மேன்_வெருலம்:
மரத்தைத் தொட வேண்டாம். இரண்டு மூலையின் படமும் டேப் வைத்து எடுத்துப் போடுங்கள், கேஸ் பொருத்துகிற ஆளிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.