தனிப் பாடகராக இருந்துகொண்டே சேர்ந்திசைக் குழுவையும் நடத்தலாமா?

கேள்வி – கீழ்ச்சுருதி

மேற்கத்தியச் செவ்விசையில் பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) குரலில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தனிப் பாடகராகப் பாடி வருகிறேன். நாற்பது பேர் கொண்ட ஒரு சேர்ந்திசைக் குழு, அதன் நடத்துநர் விலகிவிட்டதால், அந்தப் பொறுப்பை ஏற்கும்படி என்னைக் கேட்டிருக்கிறது. வாரம் இரண்டு ஒத்திகைகள் உண்டு. என் குரலாசிரியரோ, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் ஆறே மாதத்தில் குரல் போய்விடும் என்கிறார். இரண்டையும் செய்து நிலைத்தவர்கள் உண்டா?

பதில் – பழைய ரசிகன்

பீட்டர் ஷ்ரையரைப் (1935–2019) பாருங்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள கிராய்ஸ்கோர் சிறுவர் குழுவில் பாடி வளர்ந்த அந்த டெனர் (உயர் ஆண்குரல்) பாடகர், இசையமைப்பாளர் பாகின் பாசன்களில் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசைப் படைப்புகள்) கதை சொல்லும் சுவிசேஷகர் பகுதியைத் தாமே பாடியபடி முழுப் படைப்பையும் நடத்தினார். கேட்க வித்தை போலிருந்தாலும், சுவிசேஷகரின் வசனப் பகுதிக்குத் துணை வாசிப்பவை ஓரிரு கருவிகளே என்பதால் அங்கே கைக்கு வேலை குறைவு. கூட்டத்தின் கூச்சல் சேர்ந்திசையாக வெடிக்கும் இடத்தில்தான் அவர் கையை உயர்த்தியாக வேண்டும். 2005 டிசம்பரில் பிராகில் பாடுவதிலிருந்து விடைபெற்றபோதும் அதே இரட்டை வேலையைத்தான் செய்தார். உங்கள் குரல்வகையிலேயே பால் ஹில்லியர் இருக்கிறார்: 1974இல் ஹில்லியர்ட் என்ற பாடற்குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர், 2001 முதல் 2007 வரை எஸ்டோனிய பில்ஹார்மோனிக் சேம்பர் குயர் என்ற சேர்ந்திசைக் குழுவின் தலைமை நடத்துநர்.

பதில் – ஆல்ட்டோ வரிசை

நானும் பாடகியாக இருந்து நடத்துநரானவள்தான். ஆசிரியரின் அச்சத்தில் பாதி நியாயம். நடத்துவதால் குரல் கெடுவதில்லை. நடத்தும்போது கூடவே பாடுவதால்தான் கெடுகிறது. முதல் ஆண்டில் ஓர் ஒத்திகையைப் பதிவு செய்து கேட்டபோது, சோப்ரானோ (உயர் பெண்குரல்) வரியையும் டெனர் வரியையும் மாற்றி மாற்றி நானே பாடிக்கொண்டிருந்ததும், ஆல்ட்டோக்கள் (தாழ் பெண்குரல்கள்) சுருதி இறங்கியதை நான் கவனிக்காமலே விட்டதும் தெரிந்தது. (வெட்கமாகத்தான் இருந்தது.) இப்போது ஒரு வரியை ஒருமுறை, அரைக்குரலில் பாடிக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்னொன்று: வாத்தியக் குழுவையும் தாண்டிக் கேட்பதற்காக 3000 ஹெர்ட்ஸ் அருகே நீங்கள் பழக்கிய அந்தக் கூர்மையை, குழுவினர் அப்படியே பின்பற்றினால் குரல்கள் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் மூச்சு விஷயத்தில் பாடகருக்கு ஈடில்லை. தொடக்க அசைவில் என் தோள் உயர்ந்தால் நாற்பது தோள்களும் உயர்ந்து ஒலி இறுகிவிடும். நான் விலா விரிய நிதானமாக மூச்சிழுத்தால், ஒரு சொல்லும் சொல்லாமலே முதல் சுரம் திறந்து ஒலிக்கும்.

பதில் – பழைய ரசிகன்

குரலைவிட நாட்காட்டிதான் பெரிய சிக்கல் என்பேன். ஓரடோரியோக்களுக்கு (நடிப்பின்றிப் பாடப்படும் பெரிய சமய இசைப் படைப்புகள்) தனிப் பாடகர்களை அதிகம் அழைப்பது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முந்திய வாரங்களில். குழுக்கள் தங்கள் பெரிய நிகழ்ச்சிகளை வைப்பதும் அப்போதே. ஒப்புக்கொள்ளும் முன், அந்த வாரங்களில் துணை நடத்துநர் ஒருவர் இருப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.

மறுமொழி – கீழ்ச்சுருதி

இருவருக்கும் நன்றி. இன்றே கேட்டேன். புனித வெள்ளியன்று அவர்களுக்குப் பாகின் யோவான் பாசன். அதே மாலையில் வேறோர் ஊரில் எனக்கும் அதே படைப்புதான். துணை நடத்துநர் என்று யாரும் இல்லையாம்.