டிராக்கில் தாங்கிய டூயல் கிளட்ச் பர்லியாறு ஏற்றத்தில் சூடேறுவது ஏன்?

கேள்வி (குன்னூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினும், எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் இரண்டு கிளட்சுகள் மாறி மாறிப் பிடித்துத் தானே கியர் மாற்றும் ஆறு கியர் டூயல் கிளட்ச் கியர்பாக்சும் உள்ள சிறிய கார் ஒன்று இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகவே அதை இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகத் தயார் செய்து வருகிறேன். இன்ஜினை ரீமேப் செய்திருக்கிறேன், அதாவது அதன் கணினி அமைப்பை மாற்றி இழுவையைக் கூட்டியிருக்கிறேன்; கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்றே முன் பம்பருக்குப் பின்னால் தனி ஆயில் கூலர் ஒன்றையும் பொருத்தியிருக்கிறேன். சென்ற மாதம் அங்கே பத்துப் பத்துச் சுற்றுகளாக அரை நாள் ஓட்டியும் கியர்பாக்ஸ் எண்ணெய் 112 டிகிரியைத் தாண்டவில்லை.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில்தான் சிக்கல் வந்தது. சீசன் காலம் என்பதால் மேலே வரும் வண்டிகள் எல்லாம் குன்னூர் சாலையில் திருப்பி விடப்பட்டிருந்தன. கல்லாறு தாண்டியதிலிருந்து பர்லியாறு வரை நாற்பது நிமிடம் ஊர்ந்தே வந்தேன். பர்லியாற்றை அடுத்த ஒரு கொண்டை ஊசி வளைவில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ஆக்சிலரேட்டரை அழுத்தியும் இழுவை குறைந்துகொண்டே போனது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். மீண்டும் கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் அதே விளக்கு வந்துவிட்டது. ஸ்கேனரில் பதிவானதைப் பிறகு பார்த்தபோது, பொது எண்ணெயின் வெப்பநிலை 124 ஆகவும், கிளட்சிலிருந்து தெறித்து வரும் எண்ணெயின் வெப்பநிலை 150-க்கு மேலும் இருந்தன. கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டனவா? கூலருக்குச் செலவிட்டது வீணா? நான் குடியிருப்பது குன்னூரில் என்பதால் இந்த ஏற்றத்தைத் தவிர்க்க எனக்கு வழியில்லை.

பதில் (உதகையிலிருந்து)

முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். கூலரும் அதன் குழாய்களும் தமக்கென்று கொஞ்சம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அதை ஈடுகட்டாமல் விட்டிருந்தால் கியர்பாக்சில் அந்த அளவுக்குக் குறைந்தே இருக்கும்.

பதில் (மேட்டுப்பாளையம், பணிமனை நடத்துபவர்)

தம்பி, உங்கள் கூலர் வீணாகவில்லை. அது செய்யும் வேலை வேறு, மலைப்பாதையில் உங்களுக்குத் தேவைப்பட்ட வேலை வேறு. டிராக்கில் ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு மாறும் அந்தக் கண நேரம் தவிர, இரண்டு கிளட்சுகளில் ஒன்று எப்போதும் முழுமையாகப் பிடித்தபடியே இருக்கிறது. பிடித்த கிளட்ச் வழுக்காது, வழுக்காத கிளட்ச் சூடாகாது. அங்கே எண்ணெயைச் சூடாக்குவது பெரும்பாலும் பல்சக்கரங்களின் உராய்வும், அவை எண்ணெயைக் கடைவதும்தான். அந்தச் சூடு மெதுவாக ஏறும். வேகத்தில் வரும் காற்று கூலர் வழியே அதை எடுத்துச் சென்றுவிடும். பர்லியாற்றில் நடந்தது இதற்கு நேர்மாறு: கிளட்ச் நாற்பது நிமிடம் அரைப்பிடியில் வழுக்கிக்கொண்டே இருந்தது, கூலருக்குக் காற்றே கிடைக்கவில்லை.

இந்த வகைக் கியர்பாக்ஸ் பந்தயத்தில்தான் முதலில் பெயர் பெற்றது. 1980-களில் போர்ஷே தன் 956, 962 நெடுந்தூரப் பந்தயக் கார்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. சாலைக் காருக்கு வந்தது 2003-இல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாக. இழுவை அறுபடாமல் கியர் மாற வேண்டும் என்பதே அதன் நோக்கம். சரிவில் அரை அடி, அரை அடியாக நகர்வது அதற்கு மிகவும் கடினமான வேலை. டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் அந்த வழுக்கலைத் திரவமே ஏற்றுக்கொள்ளும். இங்கே அதைத் தட்டுகள் தாங்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இதைத்தான் பலரும் தவறாகச் செய்கிறார்கள். உங்களுடையதைப் போன்ற பெட்டியில் எண்ணெய் பம்பைச் சுழற்றுவது இன்ஜின். நீங்கள் இன்ஜினை அணைத்தவுடன் பம்பும் நின்றது. கொதிக்கும் தட்டுகள் மேல் எண்ணெய் பாயாமல், சூடு அங்கேயே தங்கிவிட்டது. அடுத்த முறை ஓரம் கட்டி, லீவரைப் பார்க்கிங்கில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். மின்சார பம்ப் கொண்ட புதிய பெட்டிகளுக்கு இது அப்படியே பொருந்தாது; அவற்றுக்குக் கையேட்டில் உள்ளபடி செய்வதே சரி.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. எண்ணெய் அளவைச் சரிபார்த்தேன். கிட்டத்தட்ட அரை லிட்டர் குறைந்திருந்தது, நிரப்பிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். நான் ஆக்சிலரேட்டரை அழுத்தவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மெதுவாகத்தான் வந்தேன், வளைவுகளில் கார் பின்னால் உருளாதபடி லேசாக மட்டுமே அழுத்தி நிறுத்தி வைத்தேன். அதனால் இவ்வளவு சூடு வருமா? அதோடு, ஜனவரிக் காலையில் உதகைக்குப் போகும்போது முதல் பத்து கிலோமீட்டருக்குக் கியர்கள் வெட்டி வெட்டி விழுகின்றன. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில் (கோத்தகிரியிலிருந்து)

அந்த "லேசாக மட்டும்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் 1,500 கிலோ, சரிவு நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொண்டால், உருளாமல் நிறுத்த ஏறத்தாழ 1,180 நியூட்டன் விசை சக்கரத்தில் வேண்டும். முதல் கியரின் மொத்த விகிதம் 14 என்றால், சக்கரத்தின் ஆரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிளட்சில் அது சுமார் 26 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இன்ஜின் 1,200 சுற்றில் ஓட, சக்கரம் அசையாமல் நிற்க, அந்த வித்தியாசம் முழுவதும் வெப்பமாகிறது: 3 கிலோவாட்டுக்கும் சற்று மேல். நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் கீசரை கியர்பாக்சுக்குள் வைத்து ஸ்விட்சைப் போட்டதற்குச் சமம். 6 லிட்டர் எண்ணெயில் அது வேறெங்கும் கசியாமல் சேர்ந்தால் நிமிடத்துக்குப் பதினெட்டு டிகிரி ஏறும். உலோகக் கூடும் குளிர்விப்பானும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால்தான் உங்களுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது.

இன்னும் ஒன்று. நின்ற காரை லாஞ்ச் கண்ட்ரோலில் (பந்தயத்தில்போலக் காரை ஒரே பாய்ச்சலில் கிளப்பும் வசதி) 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனால் கார் பெறும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 90 கிலோஜூல். கிளட்ச் உறிஞ்சும் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு. நீங்கள் அரை நிமிடம் ஆக்சிலரேட்டரில் காரைத் தாங்கி நிறுத்தினால் அதே வெப்பம் சேர்ந்துவிடுகிறது. டிராக்கில் ஒரு நாளில் எத்தனை லாஞ்ச் செய்வீர்கள்? அன்று மாலை எத்தனை முறை அப்படி நிறுத்தினீர்கள்? எண்ணிப் பாருங்கள்.

ரீமேப்பையும் நான் சும்மா விட மாட்டேன். ஃபோக்ஸ்வாகனின் ஈரக் கிளட்ச் ஆறு கியர் பெட்டி 350 நியூட்டன் மீட்டர் வரைக்கும் வடிவமைக்கப்பட்டது. உங்களுடையது வேறாக இருந்தாலும் அதற்கும் அப்படியோர் எல்லை உண்டு. இன்ஜினை மட்டும் உயர்த்திவிட்டு, கிளட்சை அழுத்தும் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கணினியைத் தொடாமல் விட்டால், முழு இழுவையில் தட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கும்.

பதில் (மேட்டுப்பாளையம்)

ரீமேப் பற்றி அவர் சொல்வது உண்மை. ஆனால் ஊர்ந்து போகும்போது இன்ஜின் முழு இழுவையில் இல்லை என்பதால், அன்றைய பழியை அதன் மேல் போட என் மனம் ஒப்பவில்லை. அது டிராக்கில் தட்டுகளின் ஆயுளைக் குறைக்கும் தனிக் கேள்வி. நீங்கள் இதுவரை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். சாதாரண ஓட்டத்துக்கு 60,000 கிலோமீட்டர் என்றால், டிராக்கில் ஓடும் காருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கிலேயே மாற்றுவது என் வழக்கம். தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயைத் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள். தட்டுகள் பிடிக்கும் விதமே அந்த எண்ணெயில் கலந்துள்ள சேர்மானத்தைப் பொறுத்தது.

ஜனவரிக் காலையின் வெட்டலுக்குக் காரணம் உங்கள் கூலர்தான். அதன் வழியில் தெர்மோஸ்டாட் இல்லை என்று நினைக்கிறேன். இல்லையென்றால் எண்ணெய் சூடாவதற்கு முன்பே கூலருக்குள் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். குறிப்பிட்ட சூடு வந்த பிறகே கூலருக்குத் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றும், கூலர் முன்னால் வெப்ப ஸ்விட்சில் ஓடும் சிறிய மின்விசிறி ஒன்றும் போடுங்கள். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் விசிறியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஓட்டும் முறையில் ஒன்றை மாற்றினால் போதும். முன்னால் போகும் வண்டி இரண்டு கார் நீளம் விலகும்வரை பிரேக்கில் காலை வைத்து நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சில் கிளம்பி, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வேகத்துக்குப் போய், மீண்டும் பிரேக்கில் நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரத்துக்குப் பிறகு)

எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, தெர்மோஸ்டாட்டும் விசிறியும் பொருத்திவிட்டேன். வடித்த எண்ணெய் கறுத்திருந்தது, லேசான கருகல் வாடையும் இருந்தது. ஃபில்டரில் உலோகத் துகள் தென்படவில்லை. சென்ற ஞாயிறு வேண்டுமென்றே மாலை நெரிசலில் கல்லாற்றிலிருந்து ஏறினேன். அண்ணா சொன்னபடி இடைவெளி விட்டு, பிரேக்கில் நின்று நின்று வந்தேன். ஐம்பது நிமிடம் ஆனது. பொது எண்ணெய் 103, கிளட்ச் எண்ணெய் அதிகபட்சம் 121. விளக்கு எரியவில்லை. ரீமேப்பை அடுத்த டிராக் நாளுக்கு முன் பழைய நிலைக்கு இறக்கி ஓட்டி, இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு இங்கேயே இடுகிறேன்.