சூடான ஒயின் கஷாயமாகிவிட்டது, எங்கே தப்பு?

வெலிங்டன் மருமகள்:
டிசம்பர் 24 ராத்திரி கேரல் பாடிவிட்டு வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் ஏதாவது சூடாகக் கொடுப்பது வழக்கம். மாமியார் காலத்தில் இஞ்சி ஒயினும் கேக்கும். கொழுந்தன் ஜெர்மனியில் படித்தபோது கிறிஸ்துமஸ் சந்தையில் நின்றபடியே குளூவைன், அதாவது மசாலா போட்டுச் சூடாக்கின ஒயின், குடித்ததைச் சொல்லிச் சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டான். சரி, நாமும் பண்ணுவோம் என்று போன வருஷம் இறங்கினேன்.

நாசிக் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில். அலுமினியக் குண்டானில் ஊற்றி, பிரியாணிக்குப் போடுகிற பட்டை நாலு துண்டு, கிராம்பு ஒரு கைப்பிடி, இரண்டு ஆரஞ்சைத் தோலோடு வட்டமாக வெட்டிப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். ஆட்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை கொதித்துக்கொண்டே இருந்தது. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "நெஞ்சுச் சளிக்கு நல்லாக் கேட்கும்" என்றார். மற்றவர்கள் அதையும் சொல்லாமல் கேக் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். மீதியைச் சிங்க்கில் கொட்டினேன். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்ததில் வந்த இருபது ரூபாய்தான் மிச்சம்.

இந்த வருஷம் பன்னிரண்டு பேர், அதில் மூன்று குழந்தைகள். திரும்ப முயற்சி செய்யலாமா, இல்லை இஞ்சி ஒயினே போதுமா?

ஊட்டிக் குளிர்:
இன்னும் நாலு கரண்டி சர்க்கரை போட்டிருந்தால் சரியாகியிருக்கும் அக்கா. குழந்தைகளுக்கு என்றால் நன்றாகக் கொதிக்கவிடுங்கள், போதையெல்லாம் ஆவியாகிவிடும்.

கேத்திப் பெரியம்மா:
தம்பி, கசப்பில் சர்க்கரை போட்டால் இனிப்பான கசப்புதான் கிடைக்கும். அப்புறம், குழந்தைகள் விஷயத்தில் அப்படிச் சொல்லாதே. அரை மணி நேரம் கொதித்தாலும் ஆல்கஹாலில் ஒரு நல்ல பங்கு உள்ளேயே நிற்கும். அவர்களுக்குத் தனிப் பாத்திரம்தான்.

மருமகளே, நீ சுக்குக் காப்பி வைக்கிற கையோடு ஒயின் வைத்திருக்கிறாய். சுக்கும் மிளகும் கொதிக்கக் கொதிக்கத்தான் இறங்கும். ஒயின் கொதித்தால் வாசனை முதலில் போகும், துவர்ப்பு பாத்திரத்திலேயே தங்கும். ஆல்கஹால் கடல் மட்டத்திலேயே 78 டிகிரியில் கொதிக்கிற சாமான். நம் குன்னூர் 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீரே 94 டிகிரி வாக்கில் தளதளவென்று வந்துவிடுகிறது. சமவெளிக்காரர்கள் எழுதிய குறிப்பைப் பார்த்துக் கொதி வரட்டும் என்று நின்றால் போச்சு.

அதனால் கஷாயத்தைத் தனியாக முடித்துவிடு. எவர்சில்வர் பாத்திரம் எடு, புளிப்புச் சாமானுக்கு அலுமினியம் வேண்டாம். ஒரு பாட்டில் ஒயினுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, விரல் நீளத்தில் பட்டை ஒன்று, கிராம்பு ஐந்து, அன்னாசிப்பூ ஒன்று, மிளகு நாலு. கிராம்பு ஐந்தே ஐந்து! கைப்பிடி போட்டால் பல் வலித் தைலம்தான். எல்லாவற்றையும் மல்துணியில் முடிந்து போட்டு, சிறு தீயில் பத்து நிமிஷம். சர்க்கரைத் தண்ணீர் லேசாகப் பிசுக்கென்று ஆனதும் தீயைத் தணித்து ஒயினை ஊற்று. மேலே ஆவி எழும்ப வேண்டும், குமிழி வரக் கூடாது. அந்த நிலையில் மூடி வைத்து இருபது நிமிஷம். அதற்கு மேல் அடுப்பில் வேலை இல்லை, ஃபிளாஸ்கில் ஊற்றிவிடு.

பட்டையையும் பார். நீ போட்டது கெட்டியாக, ஒரே மடிப்பாக மரப்பட்டை மாதிரி இருந்திருக்கும். காரம் அதிகம், பிரியாணிக்கு அதுதான் சரி. இதற்குச் சுருட்டு போல அடுக்கடுக்காக, நகத்தால் கிள்ளினால் நொறுங்குகிற பட்டை வேண்டும். கிராம்பும் ஜாதிக்காயும் மலை இறங்கினால் பர்லியாரில் விளைகிறவை. ஜாதிக்காயைக் கடைசியில் இரண்டு இழுப்பு துருவினால் போதும்.

ஆரஞ்சில் மேல் தோலை மட்டும் சீவிப் போடு. உள்ளே இருக்கிற வெள்ளைச் சதைதான் உன் கசப்பில் பாதி. சாற்றைப் பிழிந்து கடைசியில் சேர்.

குழந்தைகளுக்குப் பன்னீர் திராட்சையை வேகவைத்து வடிகட்டி, அதே மசாலாவை வேறு மூட்டையாக முடிந்து போட்டு, எலுமிச்சை அரை மூடி பிழி. அதை எவ்வளவு வேண்டுமானாலும் கொதிக்கவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து யாராவது வருகிறார்களா? திரும்பி வண்டி ஓட்டுகிறவருக்கும் அதுவேதான், பதினாலு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

வெலிங்டன் மருமகள்:
பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை அரை பாட்டில் வைத்துப் பார்த்தேன். முதலில் பட்டை வாசனை, பின்னால் ஆரஞ்சு, தொண்டையில் இறங்கும்போதுதான் ஒயின் என்று தெரிகிறது. மாமனார் மருந்துப் பேச்சே எடுக்கவில்லை, டம்ளரை நீட்டி "இன்னும் கொஞ்சம்" என்றார். ஆனால் மாமியார் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் ஒன்று ஊற்றின உடனே விரிசல் விட்டுவிட்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கேத்திப் பெரியம்மா:
இந்தக் குளிரில் ஷெல்ஃபிலிருந்து எடுத்த கண்ணாடி ஐஸ் மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு, உள்ளே ஒரு எவர்சில்வர் ஸ்பூனை நிறுத்தி ஊற்று. இல்லையென்றால் டீக்கடைக் கிளாஸ் பன்னிரண்டு மார்க்கெட்டில் வாங்கிக்கொள். மாமியாரிடம் நீயே சொல்லிவிடு, அவர் எண்ணிப் பார்க்கிறதற்குள்.