ரெண்டு பேர் பறிக்கிற இலைக்கு ஒரே பேரா?

கேள்வி (எடைநோட்டு, கோத்தகிரி):
கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்க ஆள் வெச்சிருக்கற ஒரு கான்ட்ராக்டர்கிட்ட எடைக்கணக்கு எழுதறேன். சாயங்காலம் நாலரைக்கு லாரி நிக்கிற வளைவுல ஒரு தொங்கு தராசு, கார்பன் வெச்ச நோட்டு, நான். அவ்வளவுதான் எங்க ஆபீஸ்.

முன்னாடி இலை எடுத்த நம்ம பொம்பளைங்களுக்கு முட்டி தேஞ்சுருச்சு. அவங்க பிள்ளைங்க திருப்பூர், கோயம்புத்தூர்னு இறங்கிட்டாங்க. இப்ப எங்ககிட்ட இருக்கறது பெரும்பாலும் ஜார்க்கண்ட் ஜோடிங்க. கிலோ கூலி. புருஷனும் பொண்டாட்டியும் கத்திரி போட்டு வெட்டி ஒரே சாக்குல கொட்டறாங்க. நோட்டுல புருஷன் பேர். சனிக்கிழமை பணம் அவன் போனுக்குப் போயிரும்.

போன வாரம் ஒரு பொண்ணு, முதுகுல கைக்குழந்தை, நோட்டுல விரலை வெச்சு "மேரா நாம்?" (என் பேர்?)னு கேட்டுச்சு. மூணு வருஷமா நான் எழுதற நோட்டு. அதுல ஒரு பொம்பள பேர்கூட இல்லைன்னு அப்பதான் எனக்கே உறைச்சுது. எழுதறவளும் பொம்பளதான்! கான்ட்ராக்டர்கிட்ட கேட்டா, "அது குடும்பக் கணக்கும்மா, உனக்கென்ன வந்துச்சு?"

தனியா எழுதினா அந்தப் பொண்ணுக்கு நிஜமாவே ஏதாவது பிரயோஜனம் உண்டா? புருஷன்காரன் வேற வேண்டாம்கறான்.

பதில் 1 (கூடலூர் தாத்தா):
தங்கச்சி, எங்களுக்கு இது பழைய கதை. 1974-ல இலங்கை தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. 1964-ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துல இந்தியா எடுத்துக்கறதா எழுதின 5,25,000 பேர்ல நாங்களும் சேர்த்தி. அங்க இலங்கைத் தோட்டத்துல, காலையில ஆள் கூட்டிப் பேர் எடுக்கற பெரட்டுக்களத்துல அம்மாவுக்குப் பேர் போடுவாங்க. சம்பள நாள்ல கைநாட்டு வெச்சு வாங்கறது அப்பாதான். அம்மா கூடையோட ஓரமா நிக்கும். காசு வீட்டுக்கு வர்ற வழியிலயே பாதி கரைஞ்சிரும், எங்க கரையும்னு சொல்லத் தேவையில்ல.

அப்ப நாள் கூலியே பொம்பளைக்குக் குறைச்சல். 1984-லதான் அங்க ரெண்டும் சமமாச்சு. ஹட்டன்ல இருந்த அத்தை லெட்டர் போட்டுச்சு: "இப்ப உங்க மாமாவுக்கும் எனக்கும் ஒரே காசு. அவருக்குச் செடி வெட்டிவிடற கவ்வாத்து வேலை மத்தியானத்தோட முடியுது, நான் அஞ்சு மணி வரைக்கும் கொழுந்து எடுக்கறேன்."

எழுதும்மா. பேர் முதல்ல நோட்டுல ஏறட்டும்.

பதில் 2 (குன்னூர், பழைய யூனியன் ஆள்):
பிரயோஜனம் இருக்கு. பிரசவ உதவி கேக்கணும்னா முந்தின 12 மாசத்துல 80 நாளாவது வேலை பார்த்ததுக்கு ஆதாரம் வேணும். சட்டப்படி கிடைச்சா முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. நோட்டுல பேரே இல்லாதவங்க 80 நாளை எதை வெச்சு காட்டுவாங்க? சம வேலைக்குச் சம கூலிங்கறது 1976 சட்டத்துலயே இருந்துச்சு, இப்ப 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு. ஆனா குடும்பமா ஒரே கணக்குன்னா யாருக்கு யார் சமம்னு கேக்கவே வழியில்ல.

சிக்கலும் இருக்கு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே 25 ஏக்கர், 30 ஆள்னு கோடு போட்டுத்தான் ஆரம்பிச்சது, அப்புறம்தான் 5 ஹெக்டேர், 15 ஆள்னு இறக்கினாங்க. உங்க கான்ட்ராக்டர் மாதிரி துண்டு துண்டா இலை எடுக்கறவங்க அந்தக் கோட்டுக்கு வெளியில நின்னு பழகினவங்க. அதனால அந்தப் பொண்ணுக்கு முதல்ல இ-ஷ்ரம் கார்டு (அமைப்புசாராத் தொழிலாளிங்களுக்கு மத்திய அரசு தர்ற பதிவு அட்டை) போட்டுக் குடுங்க. 16-லருந்து 59 வயசுக்குள்ள, ஆதாரும் பேங்க் அக்கவுண்ட்டும் வேணும், காசில்லை.

பதில் 3 (ரெண்டு ஏக்கர் விவசாயி):
அக்கா, கோவிச்சுக்காதீங்க. சட்டத்தை விடுங்க, சாக்கைப் பாருங்க. மழை நாள்ல இலையில ஒட்டின தண்ணிக்குன்னு ஒரு சாக்குக்கு ரெண்டு கிலோ ஈரக்கழிவு எடுக்கறாங்கல்ல? ரெண்டு சாக்கா பிரிச்சா நாலு கிலோ போயிரும். புருஷன்காரன் வேண்டாம்கறது ஆம்பளத் திமிர்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

கேள்வி கேட்டவர்:
அண்ணா சொன்னது சுருக்குனு தச்சுது. நான் நினைச்சதே வேற. போய் அவன்கிட்டயே கேட்டேன், அதேதான் சொன்னான். தின்னா தீர்ந்துபோற சம்பளத்துல நாலு கிலோ பெரிசுதான். (அதுக்காகப் பணம் அவன் போனுக்கு மட்டும் ஏன் போகணும்னு கேட்டேன், சிரிச்சான்.)

நேத்து ரெண்டு சாக்கா தொங்கவிட்டேன். அவனுது 38, அந்தப் பொண்ணோடது 41. குழந்தையோட! கழிவைச் சாக்குக்கு ஒரு கிலோன்னு போட்டு ரெண்டு வரியா எழுதினேன். கான்ட்ராக்டர் இன்னும் நோட்டைப் பார்க்கல, சனிக்கிழமைதான் பார்ப்பார். அந்தப் பொண்ணு கார்பன் காப்பியைக் கேட்டு வாங்கி, மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிச்சு.

தாத்தா, உங்க அத்தை லெட்டர் இன்னும் இருக்கா?